தூக்கி வந்த வண்டிகளுக்குக் காவல்

முதலில் சத்தம்தான் வரும். விளக்கு வெளிச்சம்கூடத் தெரியாத தூரத்தில், மூன்றாவது கியரில் வர வேண்டிய வண்டி இரண்டிலேயே இரைந்துகொண்டு வரும். திடீரென்று நான்குக்குத் தாவி இருமும். சொந்தக்காரன் ஓட்டினால் வண்டி அப்படிச் சத்தம் போடாது. எந்த மேட்டில் எந்த கியர் என்று அவன் காலுக்குத் தெரியும். இது பழகாதவன் ஓட்டி வரும் சத்தம். கேட்டதுமே போய் கேட்டின் சங்கிலியை அவிழ்ப்பேன். இன்னொன்று வந்துவிட்டது.

உத்திரமேரூருக்கு வெளியே ஒரு பைனான்ஸ் கம்பெனியின் யார்டில் நான் ராத்திரி வாட்ச்மேன். தவணை கட்டாத மோட்டார்சைக்கிள்களைத் தூக்கி வந்து நிறுத்தும் இடம். மாலை ஆறு முதல் விடிகாலை ஐந்து வரை என் பொறுப்பு. எட்டு வருஷம் ஆகிறது. நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் என்னால் உட்கார முடியாது. வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். என் சொந்த வண்டி நூறு சிசி, என் மகள் செல்வியைவிட ஒரு வயது மூத்தது, செகண்ட் ஹேண்டில் ரொக்கத்துக்கு வாங்கியது. ஆகவே தவணை கட்டித் தவிப்பவர்களே, பழைய வண்டியை உதைத்து உதைத்து முழங்கால் தேய்ந்தவர்களே, நான் உங்கள் இரண்டு கட்சிக்கும் சொந்தக்காரன்.

போன மாதம் செல்வி என் முன்னால் ஒரு காகிதக் கட்டை நீட்டினாள். புது வண்டிக்கு லோன், நான் ஷூரிட்டி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த வண்டியும் ஒருநாள் இந்தக் கேட்டுக்குள் வருமோ என்று பயம். போடாவிட்டால் அவள் வேலை போய்விடும். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யார்டைச் சுற்றிச் சுற்றி நடந்தபோது ஞாபகத்துக்கு வந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டப்பா

ஒருநாள் மாலை ஆறரைக்கு ஒரு பெண் வந்தார். அன்று மத்தியானம்தான் அவர் வீட்டுக்காரரின் வண்டியைத் தூக்கியிருந்தார்கள். அழுவார், திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று தயாராக நின்றேன். அப்படிப்பட்ட நேரங்களில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வேலையில் நான் கற்ற முதல் பாடம் அது. அவர் எதுவும் செய்யவில்லை. வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் ஒரு கறுப்பு வண்டியின் முன் நின்றார். கொக்கியில் மூன்றடுக்கு டிபன் கேரியர் தொங்கியது. காலையில் கட்டிய சோறு உள்ளேயே இருந்தது.

ஆபீசில் எழுதிக் கொடுத்தால்தான் பொருளைத் தர முடியும், ஆபீஸ் காலையில்தான் திறக்கும் என்றேன். பணத்தைக் கட்டினால் வண்டியையே மீட்டுவிடலாம், பயப்படாதீர்கள் என்று ஆறுதலும் சொன்னேன். சட்டத்தை மீறி டப்பாவைக் கழற்றிக் கொடுத்ததற்குக் காரணம் அவர் சொன்ன பதில்தான்.

"வண்டி போனா போவுதுண்ணா. டப்பா எங்க நாத்தனார்து. அது காணாம போச்சின்னா நான் அந்த வூட்ல இருக்கவே முடியாது."

ஆள் வராத தவணை

காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு சென்ட்ரிங் மேஸ்திரி. நல்ல உழைப்பாளி, குடி கிடையாது. அவர் வண்டியைத் தூக்கி வந்தபோது எனக்கே ஆச்சரியம். அன்று மாலையே வந்துவிட்டார். இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்து அவிழ்த்தார். மூன்று மாதத் தவணை, மூன்று ரப்பர் பேண்டு போட்டுத் தனித்தனிக் கட்டாக இருந்தது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுச்சீட்டு, அதில் மாதத்தின் பெயர்.

விஷயம் இதுதான். லோன் போட்டபோது அவர் பேங்குக் கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டார்கள். மாதம் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும். அவருக்கோ பணம் கட்டுவது என்றால் ஒரு மனிதர் வந்து வாசலில் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்து, எண்ணி வாங்கிக்கொண்டு போவது. சீட்டுக்காரர் அப்படித்தான் வருகிறார், பால்காரர் அப்படித்தான் வருகிறார். மாதாமாதம் பணத்தைக் கட்டி வைத்துக்கொண்டு ஐந்தாம் தேதி வேலைக்குக்கூடப் போகாமல் வீட்டில் காத்திருந்திருக்கிறார். கணக்கில் பணமில்லாமல் ஒவ்வொரு மாதமும் அபராதம் ஏறியிருக்கிறது. போனில் மெசேஜ் வந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பணத்த கையில வச்சினு கீறேன், வாங்கறதுக்கு ஒரு ஆளு வரல. ஆளு வராம யார்கிட்டய்யா குடுக்கறது, செல்போன்கிட்டயா?"

பிரிக்காத புத்தகங்கள்

நான் ஒன்பதாவதோடு நின்றவன். வண்டி வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தூக்கி வந்த வண்டிகளின் சைடு பாக்ஸில், வாங்கிய அன்று போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு புத்தகம் இருக்கும். வண்டியைப் பற்றி எல்லாம் அதில் எழுதியிருக்கும். வாங்கியவர் யாரும் படித்ததில்லை. தூக்கமில்லாத எனக்கு அது போதும். ஆங்கிலம் பாதி புரியும், மீதியைப் போனில் போட்டுப் பார்ப்பேன். படித்துவிட்டு மறுபடி உறையில் போட்டு வைத்துவிடுவேன். என் பழைய வண்டியைப் பிரித்து மாட்டக் கற்றது இப்படித்தான். மாட்டி முடித்ததும் கையில் இரண்டு போல்ட் மிச்சமிருந்த நாட்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லா வண்டியையும் இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து ஓடவிட வேண்டும். ஏலத்துக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது பேட்டரி இறங்கியிருக்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. எனக்குத் துணைக்கு வருபவன் தில்லிபாபு. ஆபீஸ் தரும் லிஸ்டைப் பார்த்து, ஊர் ஊராகப் போய் வண்டிகளைத் தூக்கி வருவது அவன்தான். ஒருநாள் அவன் தன் வண்டியை மட்டும் யார்டுக்குள் கொண்டுவராமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை மறைவில் நிறுத்திவிட்டு வந்தான். ஏன்டா என்றேன். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"என்துலயும் ரெண்டு டியூ பாக்கி கீதுண்ணா. காலைல லிஸ்ட் வந்தா மொதல்ல என் நம்பர் கீதான்னு பாத்துட்டுதான் வேலைக்கே கெளம்பறேன்."

எஃப்.சி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய வண்டிக்காரன் நிம்மதியாக இருப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வண்டியில் ஒன்றைப் புதிதாக மாற்றினால் பக்கத்தில் இருப்பதற்குப் பொறாமை வந்துவிடும். செயின் மாற்றினால் பல்சக்கரம் கேட்கும். இரண்டையும் மாற்றினால் கிளட்ச் வழுக்கும். புது வண்டி எப்போது பணம் கேட்கும் என்று தேதி சொல்லிவிடுகிறது. பழையது சொல்வதில்லை.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி.க்குக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதி உண்டு என்று எழுதி வாங்கி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். என் வண்டிக்கு இரண்டாவது தடவை. ஒரு வாரம் முன்பிருந்தே ஆரம்பித்தேன். ஹார்ன் மாற்றினேன், இண்டிகேட்டர் மாற்றினேன், டேங்கில் துரு தெரிந்த இடத்தில் பெயின்ட் அடித்தேன். காட்ட வேண்டிய நாள் காலை, ராத்திரி டியூட்டி முடித்த கையோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வரிசையில் நின்றேன். முறை வந்தபோது உதைத்தேன்; முதல் உதையிலேயே வண்டி கிளம்பிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத்தான் தலை சுற்றி, வண்டியோடு சாய்ந்து பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி என் சிவந்த கண்ணையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"வண்டி நல்லாத்தான்யா இருக்கு. உன்னை எஃப்.சி.க்குக் கொண்டாந்தா ஃபெயில் பண்ணிடுவேன்."

பிளக்

செல்வி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வராது. ஆறு கிலோமீட்டர் தள்ளி மெயின்ரோட்டு முனையில் ஐந்து ஐம்பதுக்கு வரும், நிற்கும், போய்விடும். ஐந்து மணிக்கு டியூட்டி முடித்து வீட்டுக்கு ஓடி, அவளை ஏற்றிக்கொண்டு முனைக்கு ஓடுவது ஒன்றரை வருஷமாக என் வேலை. மூன்று தடவை லேட்டானால் கான்ட்ராக்ட் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இரண்டு ஆகிவிட்டது. இரண்டும் என் வண்டியால் ஆனவை. எஞ்சினில் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறி, பிளக்கைக் கரியாக்கிவிடுகிறது. சரிசெய்ய மெக்கானிக் கேட்ட தொகை என் அரை மாதச் சம்பளம்.

ஒரு விடிகாலை, யார்டிலேயே வண்டி கிளம்ப மறுத்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், உரசினேன், ஊதினேன். ஐந்து பத்து ஆகிவிட்டது. எந்தக் கடை திறந்திருக்கும்? கடைசி வரிசையில் ஒரு சிவப்பு வண்டி, என் வண்டியின் அதே ஜாதி, இருபது வயது இளையது. அதன் பிளக்கைக் கழற்றி என் வண்டியில் போட்டேன். என்னுடையதை அதில் திருகினேன். எட்டு வருஷத்தில் அந்த யார்டிலிருந்து ஒரு நட்டுகூட நான் எடுத்ததில்லை. அன்றைக்கே புதுசு வாங்கி மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மறுபடி உதைத்தபோது செல்வி சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா நைனா, இன்னிக்கி ஒரே ஒதயில கெளம்பிடுச்சி? கோயில் கீயில் வேண்டிக்கினியா?"

கோபம்

பகலில் தூங்கிவிட்டேன். மறுநாளும் தூங்கிவிட்டேன். வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் மறந்தேன் என்று சொன்னால் பொய். தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மாலை நான் டியூட்டிக்குப் போனபோது யார்டு வாசலில் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். பழையசீவரத்துக்காரர்கள். அவர் பெயர் கன்னியப்பன், செங்கல் சூளை வேலை. பாக்கியெல்லாம் கட்டி, வண்டியை விடச் சொல்லி ஆபீசில் எழுதி வாங்கிவிட்டார்கள். அந்தம்மா கையில் வண்டிக்கு மாட்ட ஒரு முழம் கதம்பம்கூட இருந்தது. எந்த வண்டி என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தார்.

பட்டனை அழுத்தினார், உறுமிவிட்டு அணைந்தது. உதைத்தார். தள்ளிப் பார்த்தார். நானும் பின்னால் தள்ளினேன், குற்றவாளி தள்ளுவதைப்போல முழு பலத்தோடு. வண்டி கிளம்பவில்லை. "நாங்க உட்டுட்டு போனோம்னு எங்க மேல கோவம் அதுக்கு" என்று அந்தம்மா ஹேண்டில்பாரைத் தடவிக்கொடுத்தார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. என் வண்டியிலிருந்து பிளக்கைக் கழற்றி வந்து அவர்கள் கண்ணெதிரே மாட்டினேன். இது உங்களுடையது, நான்தான் எடுத்தேன், பெண்ணுக்குக் கம்பெனி பஸ் போய்விடும் என்று எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தம்மா ஆரம்பித்துவிட்டார். "ஊரே பாக்க வண்டிய தூக்கினு வந்தீங்க. அது பத்தாதுன்னு உள்ள கீறதையும் எடுத்துக்குவீங்களா?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னியப்பன் வண்டியைக் கிளப்பி, கொஞ்சநேரம் சத்தத்தைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பஸ்ஸு கெடச்சிதா, பொண்ணுக்கு?"

மூன்றாவது லேட்

கிடைத்தது என்றேன். மறுநாள் கிடைக்கவில்லை. டியூட்டியை விட்டுக் கடைக்குப் போக முடியாததால், என் பழைய பிளக்கையே ராத்திரி உப்புத்தாளில் தேய்த்துப் போட்டுப் பார்த்தபோது வண்டி நன்றாகவே கிளம்பியது. விடிகாலை செல்வியை ஏற்றிக்கொண்டு போனபோது பாதி வழியில், ஏரிக்கரை மேல், இருமி நின்றுவிட்டது. உதைத்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் மெயின்ரோட்டில் பஸ்ஸின் விளக்கு வந்து, நின்று, போவது கரையிலிருந்து தெரிந்தது. இருவரும் பார்த்தோம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பால் வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தாள். பெயரை எடுத்துவிடவில்லை, சூப்பர்வைசர் பத்து நாள் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் சொந்த வண்டியில் வர ஏற்பாடு செய்ய வேண்டும். வரும் வழியிலேயே ஷோரூமில் இறங்கி, காகிதங்களை எழுதி வாங்கி வந்திருந்தாள். என் வண்டிக்கு ரிங் போட்டுவிடுகிறேன், சீட்டு எடுத்துவிடுகிறேன் என்று நான் பேசிக்கொண்டே போனேன். யார்டில் நிற்கும் வண்டிகளைப் பற்றியும் சொன்னேன். எல்லாரும் கட்டிவிடலாம் என்றுதான் வாங்கினார்கள் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ தெனம் கட்டாதவங்க வண்டிய மட்டும்தான் நைனா பாக்கற. கட்டுறவங்க வண்டி ரோட்ல ஓடினு கீது, அது உன் கண்ணுக்கு எப்டி தெரியும்?"

பதினான்கு பக்கம்

காகிதத்தோடு யார்டுக்கு வந்தேன். பதினான்கு பக்கம், பொடி எழுத்து. யாரும் படிக்காததைப் படிப்பது எனக்குப் பழக்கமாயிற்றே. நடந்துகொண்டே படித்தேன். பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டேன். வண்டியை எடுத்துக்கொள்ள நேர்ந்தால், எடுத்து வரும் கூலி, நிறுத்தி வைக்கும் வாடகை, காவல் செலவு எல்லாம் கடன் வாங்கியவரையே சேரும் என்று எழுதியிருந்தது. காவல் செலவு என்பது நான். டப்பாவைக் கேட்டு வந்த அந்தப் பெண், மூன்று கட்டு கட்டிய மேஸ்திரி, கன்னியப்பன் எல்லாருமாகச் சேர்ந்துதான் எட்டு வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். கன்னியப்பன் என் சம்பளத்தையும் கட்டிவிட்டு, என் பெண்ணுக்குப் பஸ் கிடைத்ததா என்றும் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

கொஞ்சநேரத்தில் தில்லிபாபு ஒரு வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். காகிதத்தை அவனிடம் காட்டி, போடலாமா என்று கேட்டேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே யோசித்தான். செல்வியைச் சின்ன வயசிலிருந்து தெரியும் அவனுக்கு.

"போடுண்ணா. நாளைக்கி பாப்பா நம்பர் லிஸ்ட்ல வந்துச்சின்னா நான் ரெண்டு நாளு லீவு போட்டுடறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

ஐந்து இருபது

போட்டேன். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டேன். தவணைத் தேதியை மட்டும் செல்வியிடம் கேட்டேன். மேஸ்திரி கதையை அவளுக்கு நான் சொன்னதில்லை, ஆனாலும் விவரமாக இருந்தாள். ஏழாம் தேதி சம்பளம் வருகிறது என்று சொல்லி, பத்தாம் தேதியாக மாற்றி வாங்கியிருந்தாள். வண்டி நீல நிறம். அதன் புத்தகத்தை முதல் ராத்திரியே உறையைப் பிரித்துப் படித்துவிட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நான் படித்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

முதல் நாள் விடிகாலை ஐந்து இருபதுக்கு வழக்கம்போல வீட்டுக்கு ஓடி வந்தேன். அவள் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தி ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். முனைவரைக்கும் பின்னால் உட்கார்ந்து வரட்டுமா, திரும்பி நடந்து வந்துவிடுகிறேன் என்றேன். வழியில் எதிரே லாரி வரும் இடங்களை வேறு வரிசையாகச் சொன்னேன். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்றர வருஷமா தூங்காத கண்ணோட என்ன ஏத்தினு போன. போதும் நைனா, போய்ப் படு."

புது வண்டி வாங்கியவனுக்கு மாதத்தில் ஒரு நாள் பயம், பழைய வண்டி வைத்திருப்பவனுக்குக் காலையில் ஒரு வேளை பயம், இரண்டும் ஒரே வாசலில் நிற்கிறவனுக்குப் படுத்தாலும் தூக்கம் வராது என்பது தெரிந்துபோனதால், கிழிந்த பனியனை எடுத்துக்கொண்டு, முந்தாநாள் பாதியில் விட்டிருந்த செயினுக்கு ஆயில் விட உட்கார்ந்தேன்.